பக்கத்தில் நிற்பவர் விதி

மகளும் அவளுடைய அப்பாவும் உள்ளறையில் சேர்ந்து சிரிக்கும்போதெல்லாம் அடுப்படியில் எனக்குக் குழம்பில் உப்பு கூடிவிடும். போன வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டில் அப்படித்தான் கரித்தன.

சிரிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இரண்டு பேரையும் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேறு வேறு மாடியில் போட்டிருந்தார்கள். நான் இந்தப் படியில் ஏறி அந்தப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பந்தல்குடிப் பக்கம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. எனக்குப் பள்ளிக்கூடத்தில் விடுப்பு தரவில்லை. அவர்கள் மட்டும் பைக்கில் போனார்கள். திரும்பி வரும்போது தூத்துக்குடி ரோட்டில் ஒரு லாரி உரசியதில் விழுந்தார்கள். மகளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். அவருக்குத் தலையில் தையல், தோளில் கட்டு.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விழுந்ததற்கும் ஆம்புலன்ஸ் வந்ததற்கும் நடுவில் ஏதோ கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது. அதை இருவருமே சொல்லவில்லை. கேட்டால் என் கணவர், "அதான் முழுசா வந்துட்டோம்ல, விடு" என்பார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து இருந்திருக்கிறார்கள், நான் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாத ஒரு வீட்டுக்குள் இருவரும் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. இன்றைக்கும் லாரி ஹாரன் கேட்டால் என் கை தானாக எதையாவது பிடிக்கத் தேடுகிறது. அவர்கள் என்னடாவென்றால் கட்டிலில் உட்கார்ந்து பகடை உருட்டினார்கள்.

மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு அது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, இப்போது இதைச் செய்கிறேன், அங்கே போகிறேன் என்று சொல்வார்கள். வாள் வெட்டியதா, மந்திரம் பலித்ததா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். கால் தலையணைமேல் இருந்ததால் தோழிகளோடு மேசை சுற்றி உட்கார வழியில்லை. அதனால் அப்பாவைப் பிடித்து வைத்து அவளே கதை நடத்தினாள். அவர் வாள் வீரன். அருப்புக்கோட்டையில் உரமும் விதையும் விற்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு வந்து கோட்டைகளைப் பிடித்தார்.

விதிப்புத்தகத்தை அவர் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. ஆனாலும் விதிகளை மாற்றிக்கொண்டே இருந்தார்.

"டிராகனா? இந்த ஊருக்கு வந்துச்சுன்னா சீமக்கருவேல முள்ளுல றெக்கை மாட்டியே செத்துரும். வேற ஏதாச்சும் சொல்லு."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றோடு டிராகன் போய் கண்மாய்க்குள் குடியிருக்கும் பூதம் வந்தது.

இன்னொரு நாள் மந்திரத்தைப் பற்றிப் பேச்சு. தீர்ந்துபோன மந்திர சக்தி ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் மொத்தமும் திரும்பிவிடும் என்பது புத்தகத்து விதி.

"அதெப்படித்தா? ஒரு தூக்கம் போட்டா மொத்தமும் வந்துருமா? நம்ம கெணறு அப்படியா ஊறுது?"

மல்லாங்கிணறு பக்கம் இருக்கும் எங்கள் நிலத்துக் கிணற்றைச் சொன்னார். மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் இறைக்கும், பிறகு காற்றை இழுக்கும். நிறுத்திவிட்டு ஊற்று ஊறும் வரை காத்திருக்க வேண்டும். மறுபடி கொஞ்சம். அப்படி விட்டுவிட்டுத்தான் அங்கே ஒரு வயல் நனையும். மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மந்திரமும் அப்படியே ஊறட்டும், கோடைக்கதையில் மெதுவாக, மழைக்குப் பிறகு வேகமாக என்றாள். வைத்தியம் செய்கிற மந்திரத்துக்குக் குடத்தில் தண்ணீர் வேண்டும் என்று அவளே ஒன்றைச் சேர்த்தாள். "அப்பா, நீங்க வேற லெவல்" என்று அவர் தோளைக் கட்டு இல்லாத பக்கமாகத் தட்டினாள்.

நான் காபி டம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தேன். அந்தத் தட்டல் எனக்கு விழுந்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது நான். காய்ச்சலுக்கு விழித்திருந்தது நான். ஊற்றைப் பற்றி ஒரு வாக்கியம் பேசிவிட்டு அவர் அவளை அள்ளிக்கொண்டு போகிறார்.

அடுத்த வாரம் நானும் சேருகிறேன் என்றேன்.

"நீயாம்மா?" என்றாள் மகள். சந்தோஷமா சங்கடமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"டீச்சர் வந்தா பரீட்சையில்ல வைப்பாக" என்றார் அவர்.

புத்தகம் முழுவதையும் போனில் ஏற்றிப் பஸ்ஸில் போகவர படித்தேன். வைத்தியக்காரியாக இருப்பதென்று முடிவு செய்தேன். அடிபட்டவர்களைத் தூரத்தில் இருந்தபடியே மந்திரத்தால் பிழைக்க வைக்கும் சக்தி அவளுக்கு உண்டு என்று போட்டிருந்தது. பூதங்களின் அடி எத்தனை தடவை விழும், எத்தனை தடவை தப்பும் என்று வாய்ப்புக் கணக்குப் போட்டு, எதிரிகளுக்குச் சாதகம் அதிகம், குறைக்கலாம் என்று காட்டினேன். "பாக்கலாம்மா" என்றாள். சிரிக்கவில்லை. ஊற்றைக் கேட்டபோது நிமிர்ந்த மாதிரி நிமிரவும் இல்லை.

என் விதி ஒன்றுதான் செல்லுபடியானது. பகடை அடிக்கடி கட்டிலில் இருந்து உருண்டு பீரோவுக்கு அடியில் போகும். அவர்தான் குனிந்து பார்த்து எண்ணைச் சொல்வார். அது எப்போதும் பெரிய எண்ணாகவே இருக்கும்.

"பதினேழு."

"யாரு பாத்தா?"

"நாந்தேன் பாத்தேன். பீரோ பாத்துச்சு."

கீழே விழுந்த பகடை செல்லாது, என் பரீட்சை அட்டைமேல் மறுபடி உருட்ட வேண்டும் என்றேன். மகள் ஒத்துக்கொண்டாள். "இது அம்மா விதி" என்றாள். இந்த வயதில் அதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. அன்றைக்குக் குழம்பு சரியாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரு புது விதியோடு வந்தாள். புத்தகத்தின்படி, அடி வாங்கி வாங்கித் தன் கணக்கில் உள்ள உயிர்ப்புள்ளி எல்லாம் தீர்ந்து விழுந்தவர் தன் பகடையைத் தானே உருட்ட வேண்டும். பிழைப்பதும் சாவதும் அவர் பாடு.

"இனிமே அப்படி வேண்டாம். விழுந்தவங்க பக்கத்துல யாராச்சும் இருந்தா அவங்க கையப் பிடிச்சுக்கலாம். பிடிச்சிருக்கிற வரைக்கும் சாவு கிடையாது. ஆனா பக்கத்துல நிக்கிறவங்க மட்டும்தான்."

"என் வைத்தியக்காரி தூரத்துல இருந்தே பிழைக்க வைப்பாளே?"

"அதை எடுத்துட்டேம்மா."

"ஏன்? புத்தகத்துல இருக்கே."

"தூரத்துல இருந்து ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் என்னைப் பார்க்காமல் பகடையைப் பார்த்துச் சொன்னாள். "இந்த விதி எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் தலையிட்டார். "நாங்க வச்சது" என்று சொல்லி மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். அந்த ரோட்டில் இவர் விழுந்து கிடந்திருக்கிறார், அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அல்லது அவள் விழுந்து கிடந்து இவர் பிடித்திருக்கிறார். அதை எனக்குச் சொல்லவில்லை, விதியாக்கி எனக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் மட்டும். நான் நிற்கவில்லை.

ஆனாலும் விளையாட்டை விடவில்லை. விட்டால் அவர்கள் இருவரும் மறுபடி தனியாகிவிடுவார்கள்.

என் வைத்தியக்காரி எப்படிப்பட்டவள் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் குடங்களைச் சேர்ப்பவள். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் அண்டா, குண்டா, பால் வாங்கும் தூக்குவாளி வரைக்கும் பிடித்து வைப்போம். நான் கதைக்குள்ளும் அதையே செய்தேன். சின்னக் காயத்துக்கெல்லாம் தண்ணீரைச் செலவழிக்க மாட்டேன். பின்னால் பெரிதாக ஏதாவது வரும், இருக்கட்டும் என்று கடைசி ஆளாகக் குடங்களுக்குக் காவல் நிற்பேன். அவரோ எப்போதும் முன்னால் ஓடுவார்.

கால் கட்டைப் பிரிக்கும் வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. கதையில் நாங்கள் வறண்ட கண்மாய்க்குள் இறங்கி மடையில் ஒளிந்திருக்கும் பூதத்தைத் தேடினோம். அவர் வழக்கம்போல் கத்திக்கொண்டு முன்னால் போனார். பூதம் அடித்தது. உயிர்ப்புள்ளி தீர்ந்தது.

"அம்மா, நீ எங்க நிக்கிற?"

"கரையில."

"குடம்?"

"பத்திரமா இருக்கு."

"அப்பா பக்கத்துல யாரும் இல்ல" என்றாள் மகள். அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்கு வழக்காட ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தது. தூரத்தில் இருப்பவளுக்கு ஒரு வழியும் இல்லையென்றால் அது என்ன விதி, வேண்டுமென்றா நான் வராமல் இருந்தேன் என்று கேட்டேன். கண்மாயைப் பற்றித்தான் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் யோசித்தாள். "சரி, ஓடி வா. பன்னெண்டுக்கு மேல விழுந்தா வந்து சேந்துட்ட. ஆனா குடத்தோட ஓட முடியாது. எல்லாத்தையும் போட்டுட்டு வரணும்."

"ஒண்ணை மட்டும் இடுப்புல வச்சுக்கிட்டு ஓடுறேனே."

"இங்க உசுரு போகுது, இவ குடத்துக்குப் பேரம் பேசுறா" என்றார் செத்துக்கொண்டிருந்தவர்.

குடங்களைப் போட்டேன். உருட்டினேன். வேகமாக உருட்டிவிட்டேன் போலிருக்கிறது. பகடை அட்டையைத் தாண்டிக் கட்டில் விளிம்பில் தட்டிக் கீழே விழுந்தது. இந்த முறை நானே குனிந்து பார்த்தேன். பதினெட்டு.

"பொழச்சேன்" என்றார் அவர்.

"கீழ விழுந்தது செல்லாது" என்றாள் மகள்.

"நல்லாத் தெரியுது பாரு, பதினெட்டு."

"நீ வச்ச விதிதான்மா."

மறுபடி உருட்டினேன். நான்கு விழுந்தது.

"சரிதான். கட்டுன பொண்டாட்டி கையாலயே போய்ச் சேந்தாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் இருந்து அப்படியே சரிந்து தரையில் படுத்தார். ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. கண்ணை மூடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்திரிங்கப்பா" என்றாள் மகள்.

அவர் அசையவில்லை. வேடிக்கையை இழுத்துக்கொண்டே போவது அவர் பழக்கம்.

"அப்பா. எந்திரிங்க. எந்திரிங்கன்னு சொல்றேன்ல."

அட்டை, பகடை, அவள் வரைந்து வைத்திருந்த கண்மாய்ப் படம் எல்லாம் சரிந்தன. அவள் கட்டுப் போட்ட காலைத் தரையில் வைத்து இறங்கப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். அவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லத்தா, இந்தா இருக்கேன், இந்தா பாரு" என்று தன் கன்னத்தைத் தானே தட்டிக் காட்டினார். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியபின் யாரும் கேட்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு இப்படித்தான் கெடந்தீங்க. இதே மாதிரி கை மடங்கி."

"அப்ப நீ அப்பா பக்கத்துல இருந்தியா?" என்றேன்.

"எட்டலம்மா. அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம். நான் நகர முடியாம கெடந்தேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், பதிலே இல்ல. எல்லாரும் அப்பாவைச் சுத்தி நின்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல."

"அப்ப கையைப் பிடிச்சது?"

"யாரோ ஒரு அக்கா. டீக்கடையில இருந்து வந்தாங்க. ரோட்டுலயே என் பக்கத்துல உக்காந்துட்டாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்துற வரைக்கும் விடல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கேலியே இல்லை. "எனக்கு எதுவுமே தெரியாது" என்றார். "லாரி வந்தது தெரியும். அப்புறம் கண்ணு முழிச்சா மேல ஃபேன் ஓடுது. புள்ள கேட்டா என்னத்தச் சொல்றதுன்னுதான் பேசாம இருந்தேன்."

"நாங்க வச்ச விதின்னு சொன்னீங்களே?"

"சும்மா சொன்னேன். அவ சொன்னா நல்லதாத்தான் இருக்கும்."

இத்தனை மாதமாக நான் பொறாமைப்பட்ட அந்த இருவர் அந்த ரோட்டில் இல்லவே இல்லை. அவர் நினைவில்லாமல் ஒரு பக்கம் கிடந்திருக்கிறார், இவள் தனியாக மறுபக்கம் கிடந்திருக்கிறாள். அவள் அந்த நேரத்தைத் தனியாகவே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அதற்கு ஒரு விதி எழுதியிருக்கிறாள். நானோ அது யாருடைய விதி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இதைத் தெரிந்துகொண்டதும் பொறாமை போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. ஆளை மாற்றிக்கொண்டது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் முகம் தெரியாத அந்தப் பெண்ணின் கையை நினைத்தேன். என்ன வளையல் போட்டிருப்பாள், கை ஈரமாக இருந்திருக்குமா, என்ன சொல்லித் தேற்றியிருப்பாள்.

மகள் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும், "அந்த அக்காவைப் பாத்துட்டு வரணும்மா" என்றாள். அவருக்குக் கடையில் லோடு இறங்கும் நாள். நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். நான் வழக்கம்போல் தண்ணீர் பாட்டில்கள், மாத்திரை, எக்ஸ்ரே, மாற்றுத்துணி எல்லாம் வைத்த பெரிய பையைத் தூக்கிக்கொண்டேன். பந்தல்குடியைத் தாண்டி ரோட்டோரத்தில் லாரிகள் நிற்கும் தகரக் கொட்டகைதான் அந்த டீக்கடை. அந்த அக்கா என்னைவிடச் சின்னப் பெண், மெலிந்த உடம்பு. டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் மகளைப் பார்த்ததும் குவளையை வைத்துவிட்டு வந்தாள்.

"ஏ பாப்பா, நீயா? நடக்கியே. கம்பி வச்சாகளா?"

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள். எப்போதும் பிடித்துப் பழகிய கைபோல. பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடவில்லை. பெஞ்சில் மிச்ச இடத்தில் ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார். நான் பையோடு நின்றேன்.

"இவுக யாரு?"

"அம்மா."

"நீங்கதானாக்கா அது? போனுல பேசுனேனே."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வகுப்பில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைத்து, சின்ன அடிதான், பதறாம மதுரைக்கு வாங்க என்று சொன்ன குரல். கம்பியையும் தையலையும் பார்த்தபின் எத்தனையோ தடவை மனசுக்குள் திட்டிய குரல்.

"சின்ன அடின்னு சொன்னீங்க" என்றேன்.

"பின்ன என்னக்கா சொல்றது? உள்ளதைச் சொன்னா நீங்க எப்படி வந்து சேருவீக?"

அவள் டிரைவரை விரட்டி எனக்கு இடம் பண்ணினாள். டீ கொடுத்தாள். சர்க்கரை அதிகம்.

"அப்பா அப்பான்னே கெடந்துச்சுக்கா. வேற பேச்சே இல்ல. ஒங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல, மூச்சு இருக்கு, என் கையப் புடிச்சுக்கன்னு நாந்தேன் சொன்னேன்."

அப்பா அப்பா என்று. கேட்காமலே இருந்திருக்கலாம்.

"போனு வேற நொறுங்கிப் போச்சு. யாருக்குத் தாயி சொல்லணும்னு கேட்டா, கண்ணை மூடிக்கிட்டே ஒரு நம்பரு சொல்லுச்சு பாருங்க. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, ராகத்தோட."

மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளில் இருந்து, வேனில் ஏற்றும் முன்பு, என் எண்ணை ராகத்தோடு சொல்ல வைத்துத்தான் ஏற்றுவேன். காணாமல் போனால் என்ன செய்வாள் என்ற பயம். அவளுடைய அப்பா அந்த ராகத்தைப் பாடிக்காட்டி என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. அவருடைய எண் அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடமில்லை.

திரும்பும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்த டீயைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். இப்படி ஒரு டீ கோயம்புத்தூரில் கிடையாது என்றாள். வீட்டு டீயைப் பற்றி நான் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி வந்ததும் ரோட்டில் ஓரிடத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ எப்படிம்மா வந்த?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. திருச்சுழியில் பஸ் ஏறியது, இடம் இருந்தும் உட்காராமல் நின்றது, கண்டக்டர் அதட்டி உட்கார வைத்தது, மதுரையில் இறங்கிக் கையைத் திறந்தபோது வகுப்பில் பிடித்த சாக்பீஸ் வியர்வையில் மாவாகி ரேகைக்குள் அப்பியிருந்தது, எல்லாம் சொன்னேன்.

பந்தல்குடி நிறுத்தத்தில் பஸ் நின்று கிளம்பியது.

"ஒரு விதி சேக்கலாமாம்மா? பக்கத்துல நிக்கிறவங்க, தூரத்துல இருக்கிறவங்களக் கூப்பிடலாம்."

"பகடையில எவ்வளவு விழணும்?"

"பகடையே வேண்டாம். கூப்பிட்டா வந்துருவாங்க."

"குடத்தைப் போட்டுட்டுத்தான் வரணுமா?"

"அது கண்டிப்பாப் போடணும்."

மடியில் இருந்த பையை இறக்கிக் காலடியில் வைத்தேன்.